மதீராவில் அரை நாள்: முதலில் மலை, அப்புறம் ஒயின்

மதீராத் தீவின் கரையோரத்தில் சமதளம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. விமான ஓடுதளத்தின் ஒரு பகுதியையே கடலோரத்தில் கான்கிரீட் தூண்கள் நட்டு, அதன் மேல்தான் போட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கும் எரிமலைத் தீவு இது, போர்ச்சுகலைச் சேர்ந்தது. கடலை விட்டு நாலு தெரு உள்ளே போனால் ஏற்றம் ஆரம்பித்துவிடும். தீவின் நீளம் அறுபது கிலோமீட்டர்கூடக் கிடையாது, உச்சியோ 1,862 மீட்டர். ஜீப்புக்கு இங்கே ஏன் இவ்வளவு கிராக்கி என்பது இதிலேயே புரிந்துவிடும். விரைவுச்சாலையில் போகும் பேருந்து சுரங்கம் சுரங்கமாக நுழைந்து சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சுரங்கத்துக்கு மேலே இருக்கும் ஊரும் தோட்டமும் மட்டும் கண்ணில் படாது.

தலைநகர் ஃபுன்சாலில் இருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஜீப்பில் அழைத்துப்போய், மலைப்பாதை, கடற்பாறை, மீனவர் ஊர் எல்லாம் காட்டி, ஒயின் ருசி பார்க்கவைத்து, திரும்ப ஹோட்டல் வாசலில் இறக்கிவிடுகிற பயணங்கள் நிறைய இருக்கின்றன. பெயர்தான் வேறு வேறு, சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். முதல்முறை போகிறவர்கள் மேற்குப் பக்கம் போவதைத் தேர்ந்தெடுங்கள்: காமரா டி லோபோஸ், எஸ்ட்ரெய்ட்டோ, காபோ ஜிராவ். கோப்பையில் ஊற்றப்போகும் ஒயின் எந்த மண்ணில், எந்தச் சரிவில் விளைந்தது என்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் குடிக்கிற வழி அது. ஒயினை முதலில் கொடுத்துவிட்டு மலைக்கு ஏற்றுகிற பயணமும் உண்டு. அதை எடுக்காதீர்கள். வயிற்றுக்கும் நல்லதில்லை, ருசிக்கும் நல்லதில்லை.

பதிவு செய்யும் முன்

விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மதீரா போர்ச்சுகலின் பகுதி என்பதால் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். லண்டனில் வேலை செய்துகொண்டு இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், கையில் இருக்கும் பிரிட்டன் விசாவே போதும் என்று நினைத்துவிடுவது உண்டு. போதாது.

அடுத்தது நாள். வந்து இறங்கும் நாளிலும் கிளம்பும் நாளிலும் ஜீப்பைப் பதிவு செய்ய வேண்டாம். மதீரா விமான நிலையம் குறுக்குக் காற்றுக்குப் பேர்போனது. காற்று அடங்காவிட்டால் விமானம் பக்கத்துத் தீவான போர்ட்டோ சான்டோவுக்கோ வேறு ஊருக்கோ திருப்பிவிடப்படும். இரண்டாம் நாளில் வைத்துக்கொண்டால், மழை வந்து தள்ளிப்போட நேர்ந்தாலும் இடம் இருக்கும்.

காலையா, பிற்பகலா? காலைதான். கடலில் இருந்து வரும் ஈரக்காற்று வெயில் ஏற ஏற மலைமேல் மேகமாகத் திரளும். பதினொரு மணிக்கு மேல் போய் எட்டிப் பார்த்தால் பள்ளத்தாக்குக்குப் பதில் வெள்ளைத் திரை மட்டும் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. காலைப் பயணங்களில் பெரும்பாலும் எட்டரை, ஒன்பது மணிக்கு ஹோட்டலில் வந்து ஏற்றிக்கொள்வார்கள். பழைய நகர்ப் பகுதியில் தங்கினால் சந்துக்குள் வண்டி வராது, பக்கத்தில் ஒரு முனையில் வந்து நிற்கச் சொல்வார்கள். கப்பலில் வந்து ஒரு பகல் மட்டும் இறங்குகிறவர்களைத் துறைமுகத்திலேயே ஏற்றிக்கொள்கிற நிறுவனங்கள் உண்டு. ஆனால் கப்பல் கிளம்பும் நேரத்தைப் பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கட்டணம் ஆளுக்கு ஏறத்தாழ 40 முதல் 60 யூரோ வரை இருக்கும். தனி ஜீப் என்றால் இன்னும் கூடும். விலையைவிட முக்கியம் சில கேள்விகள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர்? எட்டுப் பேர் என்றால் பின்னால் இருப்பவர்கள் நெருக்கித்தான் உட்கார வேண்டும். கூரை திறக்குமா? மண்பாதையில் எவ்வளவு நேரம் ஓடும்? சிலர் பத்து நிமிடம் மண்ணில் ஓட்டிவிட்டு மீதி நேரம் தார்ச்சாலையிலேயே முடித்துவிடுவார்கள். ருசி பார்ப்பது எங்கே, எந்த ஒயின்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். ஒரு சாராயக்கடை மேசையில் ஊர்க்காரர்கள் வீட்டில் போட்ட சாதா ஒயினை ஊற்றிவிட்டு அதையே ‘மதீரா ஒயின்’ என்று விற்பதும் நடக்கும். அதுவும் குடிக்கத் தகாதது இல்லை, ஆனால் நீங்கள் தேடிப்போனது அது இல்லை.

கர்ப்பிணிகளும், முதுகு, கழுத்து வலி உள்ளவர்களும் மண்பாதைப் பயணத்தைத் தவிர்த்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு வயது வரம்பும் தனி இருக்கையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். மது அருந்த வயது 18.

நாமே கார் எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று தோன்றலாம். பெரும்பாலான வாடகைக் கார் ஒப்பந்தங்களில் மண்பாதைக்குக் காப்பீடு கிடையாது. போர்ச்சுகலில் ஓட்டுநரின் ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராம் எட்டினாலே குற்றம். ருசி பார்க்கப்போவதோ சாதா ஒயினைவிடக் காட்டமான ஒயின். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பாதாளமுமாக இருக்கும் ஒற்றை வண்டிப் பாதையில் எதிரே வண்டி வந்தால் பின்னோக்கி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

வயிறும் உடையும்

காலையில் வெறும் வயிற்றில் ஏறாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். ரொட்டி, வாழைப்பழம் போதும். வாந்தி வரும் உடம்பு என்றால் அதற்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். வளைவில் தலை சுற்ற ஆரம்பித்தபின் போட்டுப் பயனில்லை. ஒன்று கவனம்: இந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைக்கும், மதுவும் சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். மாத்திரை போட்டவர்கள் ஒயினை நாக்கில் பட வைத்ததோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கடற்கரையில் சட்டை வியர்க்கும், ஆயிரம் மீட்டர் மேலே போனால் பல் கிடுகிடுக்கும். ஒரே காலையில் இரண்டும் உண்டு. திறந்த கூரையில் காற்று வேறு. அதனால் மெல்லிய சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். தொப்பிக்குத் தாடைக் கயிறு இல்லையென்றால் அது முதல் வளைவிலேயே பறந்துவிடும். ஜீப்பின் பின்படி முழங்கால் உயரத்துக்கு இருக்கும். புடவையைவிடச் சுடிதாரோ பேன்ட்டோ வசதி. சில்லறை யூரோ கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

ஏறி உட்கார்ந்ததும்

இந்த வண்டிகளில் பலவற்றில் பின்னால் இரண்டு பக்கமும் நீள வாக்கில் பெஞ்சு இருக்கும். எதிரெதிரே பார்த்து உட்கார்ந்தால் சிலருக்குக் குமட்டும், அப்படிப்பட்டவர்கள் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சாலையில் ஓடும்போது பெல்ட் போட்டே ஆக வேண்டும். மண்பாதைக்கு வந்ததும் ஓட்டுநர் கூரையைத் திறந்து, எழுந்து நிற்கலாம் என்பார். அவர் சொல்லும்வரை நிற்கக் கூடாது, உட்காரச் சொன்னால் மறுபேச்சில்லாமல் உட்கார வேண்டும். நிற்கும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடியுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வையுங்கள். காலை விறைப்பாக வைத்து நின்றால் ஒவ்வொரு குழியும் இடுப்பில் வந்து இடிக்கும். கைபேசிப் படமெல்லாம் வண்டி நின்றபின். கிளைகள் தாழ்வாக வரும். பின்னால் திரும்பிப் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்தான் அடி வாங்குவார்.

வழியில்

முதல் நிறுத்தம் பெரும்பாலும் காமரா டி லோபோஸ், அல்லது அதற்கு மேலே இருக்கும் பிகோ டா டோரே என்ற மேட்டுப் பார்வையிடம். கீழே சின்னக் குடா, வண்ணம் பூசிய படகுகள், சுற்றிலும் ஓட்டு வீடுகள். 1950-ல் வின்ஸ்டன் சர்ச்சில் இங்கே உட்கார்ந்து படம் வரைந்தார் என்று ஒவ்வொரு ஓட்டுநரும் சொல்லுவார். அதைக் கேட்டுவிட்டுப் படகுப் பக்கம் போய்ப் பாருங்கள். சுறா வகை மீனைக் கீறி, உப்பிட்டு, மரச்சட்டத்தில் விரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கருவாட்டு வாசனை தெரிந்த மூக்குக்கு அறிமுகமே தேவையில்லை. ஊரின் பெயர்போன மீன் வேறு ஒன்று: எஸ்படா என்ற கறுப்பு வாளை. ஆயிரம் மீட்டர் ஆழம்வரை தூண்டில் இறக்கி, இரவில் பிடிக்கிறார்கள். இதை வறுத்து, மேலே பொரித்த வாழைப்பழம் வைத்துத் தருவது தீவின் வழக்கமான மதியச் சாப்பாடு. கேட்பதற்கு ஒத்துவராதது போல இருக்கும், ஒத்துப்போகிறது.

இங்கேயே பொன்ஷா குடிக்கக் கூப்பிடுவார்கள். கரும்புச் சாராயம், தேன், எலுமிச்சை மூன்றையும் மரமத்தால் கடைந்து சின்னக் கோப்பையில் கொடுப்பது. இனிப்பும் புளிப்பும் சேர்ந்து சாராயத்தை மறைத்துவிடுவதால் ஏமாற்றிவிடும். ஒன்றோடு நிறுத்துங்கள். இரண்டாவது உள்ளே போனால் மேலே வரப்போகும் ஒயினுக்கு நாக்கு மிஞ்சாது.

அப்புறம் ஏற்றம். கவனித்துப் பார்க்க வேண்டிய பகுதி இதுதான், பலர் குலுக்கலில் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கரையோரம் வாழைத்தோட்டம். அதைத் தாண்டி எஸ்ட்ரெய்ட்டோ டி காமரா டி லோபோஸ் பக்கம் வந்தால் திராட்சை. இன்னும் மேலே ஜார்டிம் டா செர்ரா என்ற ஊரில் செர்ரி மரங்கள், அதற்கும் மேலே கஷ்கொட்டை, யூகலிப்டஸ் காடு. ஒரு மணி நேர ஏற்றத்தில் வெப்பநிலை இறங்க இறங்கப் பயிர் மாறிக்கொண்டே போகும். திராட்சையிலும் இதே கணக்குதான். வெயில் நின்று காயும் தாழ்வான இடத்தில் மால்வசியா என்ற இனம் நன்றாகப் பழுத்து இனிப்பேறும். குளிர்ந்த மேட்டில் விளையும் செர்சியால் கடைசிவரை புளிப்பு விடாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கோப்பை கைக்கு வரும்போது உதவும்.

தோட்டங்கள் எல்லாம் கல்லடுக்கிச் சுவர் கட்டிய படிப்படியான துண்டு நிலங்கள். சில படிகள் ஒரு சமையலறை அகலம்தான் இருக்கும். டிராக்டர் நுழையாது, அறுவடை முழுக்கக் கையால். கம்பம் பள்ளத்தாக்கைப் போலவே இங்கேயும் கொடியைப் பந்தலில்தான் படரவிடுகிறார்கள், ஆனால் பந்தல் தாழ்வு. குனிந்து நுழைந்துதான் குலை வெட்ட வேண்டும். அடியில் மிஞ்சும் மண்ணில் உருளைக்கிழங்கோ பீன்ஸோ போட்டிருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் இருந்து அக்டோபர் தொடக்கம்வரை அறுவடைக்காலம். அப்போது போனால், கூடை ஏற்றிய சின்ன லாரிகளுக்கு வழிவிட்டு ஜீப் ஒதுங்கி ஒதுங்கி நிற்கும். அதுவே ஒரு காட்சி.

பாதையோரம் முழங்கை அகல வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு லெவாடா என்று பெயர். மழை அதிகமுள்ள வடக்குச் சரிவிலும் மலை உச்சியிலும் கிடைக்கும் தண்ணீரைக் காய்ந்த தெற்குக்குக் கொண்டுவர, 15-ஆம் நூற்றாண்டில் குடியேற்றம் தொடங்கிய காலம் முதலே வெட்டி வந்திருக்கிறார்கள். மொத்த நீளம் 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு தோட்டத்துக்கும் இத்தனை மணி நேரம் என்று முறை வைத்துத் திறந்துவிட ஆள் உண்டு. முறைத் தண்ணீர்ச் சண்டை அங்கேயும் உண்டா என்று ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு களைகட்டும்.

மேகம் இல்லையென்றால் போகா டோஸ் நமொராடோஸ் என்ற மலை முகட்டில் நிறுத்துவார்கள். கீழே பாத்திரத்தின் அடிபோலத் தெரிகிற ஊர் கூரல் தாஸ் ஃப்ரெய்ராஸ். 1566-ல் பிரெஞ்சுக் கடற்கொள்ளையர் ஃபுன்சாலைத் தாக்கியபோது சான்டா கிளாரா மடத்துக் கன்னியாஸ்திரீகள் ஓடி ஒளிந்த பள்ளத்தாக்கு அது. மழை பெய்து மண் சரிந்திருந்தாலோ, கோடையில் காட்டுத்தீ அபாயம் என்றாலோ இந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள். ஓட்டுநர் வழி மாற்றினால் தகராறு செய்யாதீர்கள்.

காபோ ஜிராவ், கடலுக்கு நேராக 580 மீட்டர் செங்குத்தாக நிற்கும் பாறை. 2012 முதல் அதன் விளிம்பில் கண்ணாடித்தள மேடை இருக்கிறது. உள்ளே போக வெளியூர்க்காரர்களுக்குச் சிறு கட்டணம். பயணக் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் கண்ணாடியில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை, பக்கத்துக் கைப்பிடியில் இருந்தே எல்லாம் தெரியும். பாறை அடிவாரத்தில், அலைக்கும் மலைக்கும் நடுவே கைக்குட்டை அளவில் பச்சைப் பாத்திகளைத் தேடுங்கள். ஒரு காலத்தில் படகில் போய்த்தான் அங்கே விவசாயம் செய்தார்கள். இப்போது கேபிள் கார் இறங்குகிறது.

கோப்பை கைக்கு வந்ததும்

மதீரா ஒயின் சாதா ஒயின் இல்லை. திராட்சைச் சாறு நொதிக்கும்போதே திராட்சையில் இருந்து வடித்த காட்டமான சாராயத்தைச் சேர்த்து நொதிப்பை நிறுத்துகிறார்கள். சீக்கிரம் நிறுத்தினால் இனிப்பு மிஞ்சும், தாமதமாக நிறுத்தினால் மிஞ்சாது. முடிவில் ஆல்கஹால் 17 முதல் 22 சதவீதம். சின்னக் கோப்பைதானே என்று நாலையும் மடமடவென்று இறக்கிவிட்டால் எழுந்திருக்கும்போது தெரியும்.

இன்னொரு விசேஷம் சூடு. இதில் நம் பக்கமும் வருகிறது. இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் வழியில் மதீராவில் நின்று ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொள்வது வழக்கம். வெப்பமண்டலக் கடலில் மாதக்கணக்கில் வெந்து, விற்காமல் திரும்பி வந்த பீப்பாயைத் திறந்தால் ஒயின் கெடுவதற்குப் பதில் மேம்பட்டிருந்தது. பிறகு அதற்காகவே பீப்பாய்களை இந்தியாவுக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தார்கள். ‘போய்வந்த ஒயின்’ என்று கூடுதல் விலைக்கு விற்றார்கள். இன்று அந்தக் கடற்பயணத்தின் வேலையை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். மலிவான ஒயினைத் தொட்டியில் ஊற்றி 45 முதல் 50 டிகிரி சூட்டில் மூன்று மாதமாவது வைப்பது ஒன்று. நல்ல ஒயினைப் பீப்பாயில் ஊற்றி, வெயில் படும் மச்சில் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது மற்றது.

ருசி பார்க்கும் வரிசை: புளிப்பில் இருந்து இனிப்புக்கு. செர்சியால், வெர்டெல்யோ, போவால், மால்வசியா. முதலில் வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள். வெளிர்பொன்னில் தொடங்கிக் கருப்பட்டிப் பாகு நிறம்வரை போகும். மூக்கருகே கொண்டுபோனால் வறுத்த பருப்பு, கருக்கிய சர்க்கரை, காய்ந்த ஆரஞ்சுத்தோல் வாசம். ஒரு மிடறு எடுத்து நாக்கு முழுக்கப் படரவிடுங்கள். விழுங்கிய பிறகு கன்னத்தின் உள்பக்கம் நீர் ஊறும்; மால்வசியாவின் இனிப்பு திகட்டாமல் இருப்பதற்கு அந்தப் புளிப்புதான் காரணம். விழுங்க வேண்டாம் என்றால் துப்புவதற்குப் பாத்திரம் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நடுவே தண்ணீர் குடியுங்கள்.

லேபிளில் திராட்சையின் பெயர் இல்லாமல் இனிப்பு அளவு மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் டின்டா நெக்ரா. தீவில் அதிகம் பயிராவது இந்தச் சிவப்பு இனம்தான். அரை நாள் பயணங்களில் ஊற்றுவது பெரும்பாலும் இதில் செய்த மூன்று ஆண்டு ஒயினாக இருக்கும். குறை சொல்வதற்கில்லை, ஆனால் நான்கு இனங்களின் வித்தியாசம் இதில் தெரியாது. பத்து ஆண்டு ஒயினில் ஒரு கோப்பை கூடுதல் காசுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் பிற்பகலில் ஃபுன்சால் நகர நடுவில் இருக்கும் பிளாண்டிஸ் அல்லது டி’ஒலிவெய்ராஸ் கிடங்குக்கு நடந்தே போகலாம்.

குடிக்காதவர்கள் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிட்டால் பழச்சாறு தருவார்கள். பிரிசா என்ற உள்ளூர் பேஷன் ஃப்ரூட் பானம் நன்றாக இருக்கும். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒயினோடு வரும் கறுப்பு வெல்லப்பாகு கேக், போலோ டி மெல், பார்க்க அப்பாவியாக இருக்கும். பாரம்பரியச் செய்முறையில் பன்றிக் கொழுப்பு உண்டு. பூண்டு வெண்ணெய் தடவிய போலோ டோ காகோ ரொட்டி கேளுங்கள்.

ஓட்டுநருக்கு அன்பளிப்பு கட்டாயமில்லை. மேகத்தைச் சுற்றிக்கொண்டுபோய் வெயில் காட்டியவருக்குக் கொடுக்க மனசு வரும்.

பாட்டில் வாங்குவதானால்

இனத்தின் பெயரும் 10 என்ற எண்ணும் உள்ள பாட்டிலில் தொடங்கலாம். ‘கொல்யெய்ட்டா’ என்றிருந்தால் ஒரே ஆண்டு அறுவடை, குறைந்தது 5 ஆண்டு பீப்பாயில் இருந்தது. ‘ஃப்ராஸ்கெய்ரா’ என்றால் குறைந்தது 20 ஆண்டு. விலையைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடலாம். விமானத்தில் பாட்டில் கைப்பையில் போகாது, பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். வீட்டில் படுக்கவைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும், புளிப்பு தக்கையை அரித்துவிடும். திறந்தபின் மாதக்கணக்கில் கெடாது, அவசரமே இல்லை. இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களுக்குச் சுங்க வரி இல்லாமல் அனுமதிக்கும் அளவு 2 லிட்டர். 750 மில்லியில் இரண்டு பாட்டில் தாராளமாகப் போகும். மூன்று வாங்கினால் 2.25 லிட்டர், மிச்சத்துக்கு வரி கட்ட வேண்டியதுதான்.